கடப்பா கல் தளத்தில் இடுக்குச் சிமென்ட் பேர்ந்து வருகிறது: மறுபடி எதைக் கொண்டு நிரப்புவது?

கொல்லைவாசல்

வீட்டுக்குப் பின்னால் 20க்கு 10 அடியில் கடப்பா கல் தளம். ஒழுங்கற்ற வடிவத் துண்டுகள், கனம் 35 முதல் 40 மி.மீ. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே அரை அங்குலத்தில் இருந்து 2 அங்குலம் வரை இடுக்கு. அடியில் செம்மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, 2 அங்குலம் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) பரப்பி, அதன்மேல் கல். இடுக்கில் 1:3 சிமென்ட் கலவை.

ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை கடந்ததும் நிலைமை இது: கலவை கல்லோரத்தை விட்டு மயிரிழை விலகி நிற்கிறது, சில இடங்களில் பட்டை பட்டையாகக் கையோடு வருகிறது. நாலைந்து கற்கள் மிதித்தால் ஆடுகின்றன. விரிசல் வழியே எறும்பு மண் தள்ளுகிறது, அருகம்புல் முளைக்கிறது. சமையலறைக் கதவை ஒட்டித் துவைக்கிற கல்லும் இதே தளத்தில்தான்.

பழையதைச் சுரண்டிவிட்டு டைல்ஸ் குரௌட் போடலாமா, பாலிமர் மணல் (தண்ணீர் தெளித்தால் கெட்டியாகும் பசை கலந்த மணல்) போடலாமா?

மட்டப்பலகை

இரண்டும் வேண்டாம், இப்போதைக்கு. இடுக்கில் என்ன போடுவது என்பதை இடுக்கு முடிவு செய்வதில்லை, கல்லுக்கு அடியில் இருக்கும் படுக்கைதான் முடிவு செய்கிறது. மணல் படுக்கை என்றால் இடுக்கும் மணலாகவோ சிப்ஸாகவோ (பொடி ஜல்லி) இருக்க வேண்டும். இடுக்கில் சிமென்ட் வேண்டுமென்றால் அடியில் கான்கிரீட் இருக்க வேண்டும். உங்கள் தளத்தில் அடியில் நெகிழ்வு, மேலே இறுக்கம். அதனால்தான் உடைகிறது.

நடப்பது இதுதான். மணல்மேல் உட்கார்ந்த கல் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு நூலளவு அசையும். அந்த அசைவை மணல் வாங்கிக்கொள்ளும், சிமென்ட் பட்டை வாங்காது. கலவை அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதிலும் கடப்பா அடர்த்தியான கல், தண்ணீரை அதிகம் உறிஞ்சாது, அதன் ஓரத்தில் கலவையின் பிடிமானம் முதலிலேயே குறைவு. முதலில் விடுவது அந்த ஓரம்தான். விட்ட ஓரம் வழியே மழைத்தண்ணீர் இறங்கி மணலை அரிக்கும், அடியில் பொந்து விழும், கல் இன்னும் அதிகம் ஆடும், அடுத்த பட்டை விடும். குரௌட் போட்டாலும் எபாக்ஸி போட்டாலும் இதே சுற்றுதான்.

எல்லாக் கற்களையும் ஒரு சின்னச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒரே சத்தம் வந்தால் அடி நிறைந்திருக்கிறது. டொக்கென்று கேட்டால் அந்த இடத்தில் பொந்து. சாக்பீஸால் குறித்து எண்ணிச் சொல்லுங்கள்.

தூக்குக்குண்டு

வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, எவ்வளவு? எந்தப் பக்கம்? ட்யூப் லெவல் (மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாய்) வைத்துப் பார்த்துச் சொன்னால்தான் மேலே பேச முடியும். மண் செம்மண்ணா, அடியில் கரிசலா என்பதும் தெரிய வேண்டும்.

கொல்லைவாசல்

62 கற்களில் 27 டொக்கென்று கேட்கின்றன. வாட்டம் 10 அடிக்கு அரை அங்குலம்தான், அதுவும் நடுவில் குழி. பெரிய மழையில் சுவரோரம் தண்ணீர் நிற்கிறது. மண் இரண்டடி வரை செம்மண் கிராவல்தான்.

தூக்குக்குண்டு

அப்படியானால் பாதிக் கல்லைத் தூக்கி வைக்கிற வேலை வேண்டாம். முழுவதையும் எடுத்துவிடுங்க. 10 அடிக்குக் குறைந்தது 2 அங்குலம் வாட்டம் வேணும், அதாவது 60க்கு 1. கடப்பா மேல்முகம் இயற்கையாப் பிளந்த மேடு பள்ளத்தோட இருந்தா இரண்டரை அங்குலம் விடுங்க, இல்லேன்னா ஒவ்வொரு பள்ளத்திலும் தண்ணி நிக்கும். வீட்டுச் சுவரை விட்டு வெளியே போகிற திசையில்தான் வாட்டம். தளத்தின் மேல்மட்டம் வீட்டின் டிபிசி பெல்ட்டுக்கு (சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கிற பட்டை) 6 அங்குலம் கீழே இருக்கணும். இதைக் கவனிக்காமல் கல்லைப் போட்டால் சுவரில் ஓதம் ஏறும்.

கல்லை எடுக்கும்போது ஒரு விஷயம். கடப்பா அடுக்கு அடுக்கான கல். ஒட்டியிருக்கிற பழைய கலவையை மேலிருந்து கீழாக உளி வைத்து அடித்தால் கல்லே ஏடு ஏடாகப் பேரும். கல்லைப் படுக்க வைத்து, உளியைக் கல்லின் முகத்துக்கு இணையாகப் பிடித்து, ஓரத்தில் இருந்து சின்னச் சின்ன அடியாகத் தட்டுங்க. கலவை தானாகக் கழன்று விழும். எடுக்கிற வரிசையில் கல்லின் அடியில் நம்பர் போட்டு ஒரு போட்டோவும் எடுத்து வைத்தால் திரும்ப அடுக்குவது பாதி வேலை.

மட்டப்பலகை

உங்கள் தளத்தை இரண்டாகப் பிரிப்பதே என் யோசனை. துவைக்கிற கல்லைச் சுற்றி 6க்கு 5 அடி, 30 சதுர அடி: தினமும் சோப்புத் தண்ணீர் கொட்டுகிற இடம், அங்கே மணல் இடுக்கு நிற்காது. அது கான்கிரீட் படுக்கை, சிமென்ட் இடுக்கு. மீதி 170 சதுர அடி நெகிழ்வுத் தளம். முதலில் இந்த 170ஐப் பார்ப்போம்.

கல் ஒன்றரை அங்குலம், படுக்கை 1 அங்குலம், அடித்தளம் 4 அங்குலம். ஆக முடிகிற மட்டத்தில் இருந்து ஆறரை அங்குலம் தோண்ட வேண்டும். தோண்டிய தரைக்கே வாட்டம் கொடுத்துவிட வேண்டும். அடியைத் தட்டையாக விட்டு மணலைக் கூட்டிக் குறைத்து வாட்டம் கொண்டுவந்தால், மணல் தடித்த இடம் அதிகம் அமுங்கி மறுபடி குழியாகும். உங்கள் தளத்தின் நடுக்குழிக்கு இதுதான் காரணமாக இருக்கும். 2 அங்குல மணல் என்பதே அதிகம்.

அடித்தளத்துக்கு 20 மி.மீ-ல் தொடங்கித் தூள் வரை எல்லா அளவும் கலந்த வெட் மிக்ஸ். வெறும் முக்கால் அங்குல ஜல்லி மட்டும் போட்டால் நடுவே காலி இடம் இருக்கும், மேலிருக்கிற மணல் மழைக்கு மழை அதற்குள் இறங்கிவிடும். இறுகியபின் 4 அங்குலம் வர 57 கன அடி தேவை, உதிரியாக 74. முக்கால் யூனிட் சொல்லுங்கள் (ஒரு யூனிட் 100 கன அடி). 2 அங்குலம், 2 அங்குலமாக இரண்டு தட்டில் பரப்பி, ஈரம் தெளித்து, பிளேட் காம்பாக்டரால் (அதிர்ந்து இறுக்குகிற தட்டு மெஷின்) ஒவ்வொரு தட்டுக்கும் நாலைந்து முறை ஓட்ட வேண்டும். கைத்திமிசு 4 அங்குலத்தை ஒரே தடவையில் இறுக்காது, மேல் தோல்தான் இறுகும். குதிகாலை ஊன்றித் திருப்பினால் தடம் விழக்கூடாது, அதுதான் அளவு.

செம்மண்ணுக்கும் வெட் மிக்ஸுக்கும் நடுவே நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் துணி ஒரு விரிப்பு. பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், தண்ணீர் இறங்க வழியில்லாமல் படுக்கை சேறாகும்.

நாலு ஓரத்திலும் தடுப்பு கட்டாயம். செங்கலைக் குத்துக்கல்லாக நிறுத்தி, வெளிப்பக்கம் முக்கோணமாகக் கான்கிரீட் அணைப்பு கொடுத்தால் போதும். ஓரத்தடுப்பு இல்லாத மணல் தளம் வருஷத்துக்கு வருஷம் வெளியே நகரும், இடுக்கு அகலமாகும்.

குவாரிவழி

படுக்கைக்கு எம்-சாண்டுக்குப் பதில் குவாரி டஸ்ட் போடலாமே? விலை குறைவு, நன்றாக இறுகுகிறது.

மட்டப்பலகை

வெயில் காலத்தில் இறுகும், மழைக்காலத்தில் களியாகும். டஸ்டில் மாவு போன்ற நுண்தூள் அதிகம், அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கல்லை மிதிக்கும்போது அந்தக் களி இடுக்கு வழியே பிதுங்கி மேலே வரும், கல் இறங்கும். ஒரு பிடி ஈரத்தூளைக் கையில் இறுக்கிவிட்டு உதறிப் பாருங்கள். உள்ளங்கையில் மாவு பூசியது போல் ஒட்டியிருந்தால் அது படுக்கைக்கு ஆகாது. மணிமணியாக உதிர்ந்தால் ஆகும். டஸ்ட்டை அடித்தளத்தில் ஜல்லியோடு கலக்கலாம், அங்கே அதற்கு வேலை இருக்கிறது. படுக்கைக்குக் கழுவிய எம்-சாண்ட் 18 கன அடி போதும்.

ரசமட்டம்

கல் பதிக்கிற முறையைச் சொல்கிறேன்.

25 மி.மீ எலெக்ட்ரிக்கல் பைப் இரண்டை வாட்டத்தோடு படுக்க வைத்து, நடுவில் மணல் கொட்டி, மட்டப்பலகையால் இழுத்தால் சீராக 1 அங்குலம் கிடைக்கும். பைப்பை எடுத்த தடத்தை மணலால் மூடிவிட வேண்டும். இழுத்த மணலில் நடக்கக்கூடாது. உங்கள் கல் 35 மி.மீ-உம் 40 மி.மீ-உம் கலந்து இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் மணலைக் கொஞ்சம் சுரண்டியோ சேர்த்தோதான் வைக்க வேண்டும்.

ஒரு கல்லை வைத்து ரப்பர் சுத்தியால் நடுவில் இருந்து ஓரத்துக்குத் தட்டுங்கள். பிறகு அதைத் தூக்கிப் பாருங்கள். இதைச் சோம்பலில்லாமல் செய்தால் மற்ற எல்லாம் சரியாகும். மணலில் கல்லின் அச்சு முழுதாக விழுந்திருந்தால் படுக்கை சரி. ஒரு திட்டு மட்டும் பளபளவென்று அமுங்கி, பக்கத்தில் மணல் பொலபொலவென்று அப்படியே இருந்தால், கல் அந்தத் திட்டின்மேல்தான் நிற்கிறது. திட்டைக் கரணையால் சீவி, பொலபொலத்த இடத்தில் அரைப்பிடி மணல் போட்டு மறுபடி வையுங்கள். இரண்டு மூன்று தடவை ஆகும். அதன்பின் நாலு மூலையிலும் ஏறி நின்றாலும் கல் அசையாது.

பெரிய கற்கள் ஓரத்துக்கும் நடைபாதைக்கும். ஒன்றரைச் சதுர அடிக்குக் குறைந்த துண்டு ஓரத்தில் வேண்டாம், புரளும். நாலு இடுக்கு ஒரே புள்ளியில் கூட்டல் குறி போல் சந்திக்கக்கூடாது, மூன்றுதான் சந்திக்கலாம். நேராக ஓடுகிற இடுக்கு மூன்று கல்லுக்கு மேல் நீளக்கூடாது. தண்ணீர் அதை வாய்க்காலாக்கி மணலை அரித்துக்கொண்டு போகும்.

கல் வைத்தபின் பிளேட் காம்பாக்டரை அதன்மேல் ஏற்றாதீர்கள். ஒரே கனமுள்ள பேவர் பிளாக்குக்கு அது சரி, ஒழுங்கற்ற கடப்பா பிளந்துவிடும். மரப்பலகை வைத்து ரப்பர் சுத்தியே போதும்.

பட்டியக்கல்

20 மி.மீ கடப்பா வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மணலில் போட வேண்டாம். மணல் படுக்கைக்குக் கல் 35, 40 மி.மீ இருக்க வேண்டும். அதற்குக் கீழ் என்றால் கான்கிரீட்மேல் கலவை வைத்துத்தான். தாண்டூர், ஷாபாத், கோட்டா எல்லாமே சுண்ணாம்புக்கல்தான், அவற்றுக்கும் இதே கணக்கு. வெளித்தளத்துக்குப் பாலிஷ் போட்ட முகம் எந்தக் கல்லிலும் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும்.

மட்டப்பலகை

இப்போது இடுக்கு. அரை அங்குலத்துக்குக் குறைவாக இருக்கும் இடத்தில் கரடான எம்-சாண்ட் மட்டும். அரை முதல் 2 அங்குலம் வரை 6 மி.மீ சிப்ஸ் இரண்டு பங்கு, எம்-சாண்ட் ஒரு பங்கு. 2 அங்குலத்துக்கு மேல் என்றால் அதே கல்லின் சில்லைச் செருகி இடுக்கைக் குறுக்கிவிட்டு நிரப்புங்கள். சிப்ஸ் உடைகல்லாக, முனையோடு இருக்க வேண்டும். உருண்டைக் கூழாங்கல் பார்க்க அழகு, ஆனால் ஒன்றையொன்று பிடிக்காது, காலில் உருண்டு வெளியே வந்துவிடும்.

ஒழுங்கற்ற கல் தளத்தில் இடுக்கின் பரப்பை மொத்தத்தில் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். 170 சதுர அடிக்கு 25.5 சதுர அடி இடுக்கு, ஆழம் ஒன்றரை அங்குலம், ஆக 3.2 கன அடி. இறுகுவதற்கும் சேர்த்து 4, கையிருப்புக்கு 1. மொத்தம் 5 கன அடி, எடையில் ஏறக்குறைய 225 கிலோ.

ஒரே தடவையில் நிரப்பினால் மேலே நிறைந்தது போல் தெரியும், அடியில் காலியாக இருக்கும். கலவை காய்ந்திருக்கும்போது பாதி ஆழத்துக்குக் கூட்டித் தள்ளி, ஒரு தட்டைக் கம்பியாலோ மரச்சட்டத்தாலோ குத்தி இறக்குங்கள். பிறகு மீதி, மறுபடி குத்தல். அதன்பின் பூவாளியில் மெல்லத் தண்ணீர். ஹோஸ் வைத்து அடித்தால் மணல் தெறித்துவிடும். மறுநாள் இறங்கியதை நிரப்புங்கள். முடிவில் கல் முகத்துக்கு 3 முதல் 5 மி.மீ கீழே நிற்க வேண்டும். விளக்குமாறு அதைத் தொடாது.

செடிகொடி

புல்லைப் பற்றி ஒன்று. அடியில் துணி விரித்தாலும் புல் வரும். ஏனென்றால் பெரும்பாலான விதைகள் மேலிருந்து விழுந்து, இடுக்கில் சேரும் தூசி மண்ணில் முளைக்கின்றன. கோரை மட்டும் அடியிலிருந்தே துளைத்து வரும். அதனால் தோண்டும்போது கோரைக்கிழங்கு ஒன்று கண்ணில் பட்டாலும் சுற்றி அரை அடி மண்ணோடு எடுத்துவிட வேண்டும். சிப்ஸ் இடுக்கில் வருகிற புல்லைச் சின்னதாக இருக்கும்போதே இரண்டு விரலால் வேரோடு எடுக்கலாம், சிமென்ட் விரிசலில் அது முடியாது.

எறும்பு நைஸ் மணலைத்தான் விரும்பித் தோண்டும். 6 மி.மீ சிப்ஸ் கலந்துவிட்டால் தொல்லை பெரிதும் குறையும்.

கொல்லைவாசல்

பாலிமர் மணல் முழுக்க வேண்டாமா? கொஞ்சம் விலை போனாலும் பரவாயில்லை என்று நினைத்திருந்தேன்.

ரசமட்டம்

நல்ல அடித்தளத்தின்மேல் அது நல்ல பொருள்தான். ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. கல்லும் இடுக்கும் முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். குறைந்தது ஒன்றரை அங்குல ஆழம் நிரப்ப வேண்டும். பழைய மணல்மேல் கால் அங்குலம் தூவினால் ஏடாக உரியும். எவ்வளவு அகலம் வரை தாங்கும் என்பது பையில் அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டினால் நிற்காது. தண்ணீர் தெளிப்பதற்கு முன் கல்லின் மேலுள்ள தூசை ஊதித் துடைக்காவிட்டால் வெள்ளைப் படலம் படியும், கருப்புக் கடப்பாவில் அது பளிச்சென்று தெரியும், எடுப்பது பெரும்பாடு. தண்ணீர் குறைந்தால் மேல் தோல் மட்டும் கெட்டியாகும், அதிகமானால் பசை கழுவிப் போகும். தெளித்து ஒரு நாளாவது மழை கூடாது.

உங்கள் அடித்தளம் புதிது, முதல் மழையில் கொஞ்சம் அமரும். முதல் வருஷம் சிப்ஸ் போட்டுப் பாருங்கள். தளம் அமர்ந்தபின் தேவைப்பட்டால் மேல் ஒன்றரை அங்குலத்தை எடுத்துவிட்டுப் பாலிமர் மணல் போடலாம்.

கொத்துவேலை

துவைக்கிற இடத்துக்கு 30 சதுர அடிக் கணக்கு. 3 அங்குலம் பிசிசி (கம்பி இல்லாத கான்கிரீட்), 1:3:6: சிமென்ட் 1.15 கன அடி, மணல் 3.5, முக்கால் ஜல்லி 7. அதன்மேல் ஒன்றரை அங்குலம் 1:4 கலவைப் படுக்கை: சிமென்ட் 1 கன அடி, மணல் 4. இடுக்குக்கு 1:3: சிமென்ட் 8 கிலோ, மணல் அரை கன அடிக்குக் கொஞ்சம் மேல். மொத்தம் 2 மூட்டை சிமென்ட் சரியாகப் போகும், பிபிசி (போஸோலானா கலந்த சிமென்ட்) வாங்குங்க.

கல்லை நனைத்து, அடிப்பக்கம் சிமென்ட் பால் தடவி, முழுப்பரப்பும் கலவையில் உட்காரும்படி வைக்கணும். அஞ்சு உருண்டை வைத்து அதன்மேல் கல்லை அமுக்குகிற பழக்கம் இருக்கு. உருண்டைக்கு நடுவில் தண்ணி தேங்கும், வாளியை வைக்கிற வேகத்தில் கல் பிளக்கும்.

மறுநாள் பாயிண்டிங், அதாவது இடுக்கில் கலவை வைத்து இறுக்கித் தேய்ப்பது. அதற்கு முன்னாலே, கலவை பச்சையா இருக்கும்போதே, இடுக்கை முழு ஆழத்துக்குச் சுரண்டிக் காலியா வைத்திருக்கணும். பாயிண்டிங் கலவையில் பலரும் தண்ணியைக் கூட்டி ஊத்திவிடுறாங்க. தண்ணி காய்ந்ததும் கலவை சுருங்கி ஓரம் விடும். சரியான பதம்: ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையா நிக்கணும், கையில் ஈரம் ஒட்டணும், விரலிடுக்கில் பால் வழியக் கூடாது. இடுக்கை ஈரத்துணியால் ஒத்தி, ஒல்லிக் கரணையால் முதல் தட்டைக் குத்தி இறுக்கி, மேல் தட்டை வைத்து அமுக்கி இழுக்கணும். கட்டைவிரல் வைத்தால் லேசா மட்டும் தடம் விழுகிற பதம் வந்ததும் கடைசித் தேய்ப்பு. அன்னைக்கே ஈரச்சாக்குப் போட்டு 7 நாள் காயாமல் பார்த்துக்கணும்.

கல்மேல் சிந்தின சிமென்டை உடனே ஈர ஸ்பாஞ்சால் எடுத்துடுங்க. காய்ந்தபின் ஆசிட் ஊத்திக் கழுவலாம்னு விட்டுடாதீங்க.

பட்டியக்கல்

ஆசிட் விஷயத்தில் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். கடப்பா சுண்ணாம்புக்கல். ஆசிட் பட்டதும் நுரைத்துப் பொங்கும், முகம் அரித்து வெளுத்துவிடும், திரும்பக் கருப்பு வராது. எலுமிச்சைச் சாறே தடம் போடும். டைல்ஸ் கிளீனர் பாட்டில் அந்தப் பக்கமே போகக்கூடாது. காய்ந்த திட்டுகளை மரக்கட்டையால் தேய்த்து, நைலான் பிரஷ்ஷும் தண்ணீரும் கொண்டு மெல்ல எடுங்கள்.

கரிசல்பூமி

கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் இருப்பவர்களுக்காக: கரிசலில் மேலே சொன்ன 4 அங்குல அடித்தளம் போதாது. மண் ஈரத்தில் ஊதும், கோடையில் வெடிக்கும். சந்தேகமாக இருந்தால் சோதித்துப் பாருங்கள். 425 மைக்ரான் சல்லடையில் சலித்த காய்ந்த மண் 10 கிராம் வீதம் இரண்டு அளவுக்குழாயில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் 100 மி.லி. வரை ஊற்றி, கலக்கி 24 மணி நேரம் வையுங்கள். மண்ணெண்ணெயில் 11, தண்ணீரில் 18 மி.லி. என்று படிந்தால் ஊதல் 64 சதவீதம் (கூடுதலான 7ஐ 11ஆல் வகுத்தது). 50ஐத் தாண்டினாலே தொல்லையான மண். ஒன்றரை அடியாவது எடுத்துவிட்டுச் செம்மண் கிராவல் நிரப்பி இறுக்க வேண்டும். இடுக்கு சிப்ஸ் மட்டும்தான். அங்கே கான்கிரீட் தளமே மேலெழும்பி வெடிக்கும்.

கொல்லைவாசல்

எல்லோருக்கும் நன்றி. கல்லை எடுக்க ஆரம்பித்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: கான்கிரீட் பகுதியும் மணல் பகுதியும் சந்திக்கிற கோட்டில் என்ன போடுவது? அங்கே சிமென்ட் வைத்தால் மறுபடி உடையும் அல்லவா?

மட்டப்பலகை

உடையும். கான்கிரீட் பகுதியின் விளிம்பையே மணல் பகுதிக்கு ஓரத்தடுப்பாக்கிவிடுங்கள், முனை செங்குத்தாக இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே அரை அங்குலம் விட்டு அதில் கரட்டு எம்-சாண்ட். வீட்டுச் சுவரும் கான்கிரீட் பகுதியும் சந்திக்கும் இடத்தில் 10 மி.மீ விட்டு, ஃபோம் கயிறு செருகி, மேலே பாலியூரித்தேன் சீலண்ட். துவைக்கிற இடத்தின் வாட்டம் தனி. சாக்கடைப் பக்கம் திருப்புங்கள், சோப்புத் தண்ணீர் மணல் பகுதிக்குள் வரக்கூடாது. மணல் பகுதியின் மட்டத்தைக் கான்கிரீட் விளிம்பைவிட 5 மி.மீ தூக்கி வைத்தால், அமர்ந்தபின் இரண்டும் ஒன்றாக நிற்கும்.

தூக்குக்குண்டு

புரட்டாசிக்குள் முடிச்சிடுங்க. கையிருப்பு 1 கன அடிச் சிப்ஸைச் சாக்கில் கட்டி நனையாமல் வைங்க. முதல் பெருமழைக்குப் பின் இடுக்கு கால் அங்குலம், சில இடத்தில் அரை அங்குலம் இறங்கியிருக்கும். தளம் காய்ந்த ஒரு நாளில் அதைக் கூட்டி நிரப்பணும். தை மாதம் இன்னொரு தடவை ட்யூப் லெவல் வைத்துப் பாருங்க. எந்தக் கல்லாவது இறங்கியிருந்தால் அதை மட்டும் தூக்கி ஒரு பிடி மணல் போட்டு வைத்தால் போதும்.